எட்டாவது கிலோமீட்டரில் புகை

2024 மார்ச் முதல் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தேகாலுக்கு நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: ‘மேலே ஒருவர் புகையைக் காட்டி, கீழே தகவல் சொல்லச் சொன்னார்.’

சாமைக்காட்டு மலையடிவாரத்தில், கார் ராலி நடத்துகிறவர்கள் போட்டிருந்த ஷாமியானாவில் நின்றுகொண்டிருந்தோம். மறுநாள் போட்டி. முந்தைய நாள் ஒவ்வொரு வண்டியும் பாதையில் மெதுவாக இரண்டு தடவை போய்வரும். ஓட்டுகிறவர் ஒவ்வொரு திருப்பமும் இடதா வலதா, எவ்வளவு வளைவு என்பதை எண்ணாகச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் நோட்டில் குறிப்பார். போட்டியன்று அந்த நோட்டைப் படிக்கப் படிக்க, அதை நம்பித்தான் ஓட்டுவார்கள். ஓட்டியவன் என் பெரியப்பா மகன் சூர்யநாராயணன். குறித்தவள் நான். அன்று எங்கள் வண்டிதான் கடைசி.

மேசையில் இருந்தவர், “பாதையில் ஏதாவது உண்டா?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லை சார்” என்றான் சூரி. அவர் தாளை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, காட்டுத்தீ காரணமாகப் போட்டி ரத்து என்று அறிவித்தார்கள்.

பிறகு நாங்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள் இவை. அவனுடையவற்றைக் கிழிக்கச் சொல்லியிருந்தான். நான் கிழிக்கவில்லை. என்னுடையவற்றுக்கு நகல் வைத்திருக்கிறேன்.

*

கோயம்புத்தூர்
11.3.2024

அன்புள்ள மாதவிக்கு,

சூரி எழுதுவது. சித்தப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கு? அம்மா தினமும் விசாரிக்கிறாள். எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

நான் பேனா பிடித்துப் பத்து வருஷம் ஆகிறது, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இந்த விஷயம் போனில் வேண்டாம், வாட்ஸ்அப்பிலும் வேண்டாம். அழித்தாலும் தோண்டி எடுத்துவிடுகிறார்களாம். காகிதத்தோடு இருக்கட்டும். படித்ததும் கிழித்துவிடு.

தீ மூன்று நாள் எரிந்தது. நானூறு ஏக்கர் போச்சு என்கிறார்கள். தீயை நாம் வைக்கவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். ஐந்தேகாலுக்கு நாம் சொல்லியிருந்தாலும் அந்தக் காற்றில் யார் மேலே ஏறி அணைத்திருப்பார்கள்? சொல்லியிருந்தால் அன்றைக்கே ரத்து. சொல்லாததால் மறுநாள் ரத்து. அவ்வளவுதான்.

நோட்டு உன்னிடம்தானே இருக்கு? எட்டாவது கிலோமீட்டர் பக்கத்தில் நீ எழுதியிருந்ததை அன்று ராத்திரி பார்த்தேன். ‘வலப்புறம் புகை. பிறகு இடது மூன்று.’ பைத்தியமே, நகர்கிற எதையும் அடையாளமாக எழுதாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? முதல் வருஷம் ‘கறுப்பு எருமை, பிறகு வலது நான்கு’ என்று எழுதினவள்தானே நீ. போட்டியன்று எருமையைத் தேடிண்டே ஓட்டினேன். இப்போது போதாக்குறைக்கு ‘மணி 3.40, மாகறல்காரர் நிறுத்தினார்’ என்று வேறு. நோட்டைக் கூரியரில் எனக்கு அனுப்பிவிடு.

சித்திக்கு என் நமஸ்காரம். வெயிலில் அலையாதே.

சூரி

*

உத்திரமேரூர்
22.3.2024

அன்புள்ள சூரி அண்ணாவுக்கு,

மாதவியின் நமஸ்காரம். அப்பா கம்பைப் பிடித்துக்கொண்டு கோயில் வரை போய்வருகிறார். அம்மா சுகம். பெரியம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை மாற்றினார்களே, ஒத்துக்கொண்டதா?

நேற்றுப் பள்ளியில், மதிய உணவைச் சுற்றி வந்த செய்தித்தாளில் ஒரு சின்னச் செய்தி. சாமைக்காட்டு மலையில் தேன் எடுக்கத் தீ மூட்டிக் காட்டை எரித்ததாகத் தற்காலிகத் தீக்காவலர் ஒருவரைக் கைது செய்திருக்கிறார்கள். மாகறலைச் சேர்ந்த அப்பு, வயது 46. பிற்பகல் மூன்றரை மணிக்கு வடக்கு மேட்டில் தீ வைத்தாராம்.

உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். நடுப்பாதையில் பச்சைத் தழையோடு நின்று கையை ஆட்டினார். “சார், அந்தாண்ட மேட்டுல புகை எழும்பிக்கினு கீது. இந்த வாக்கி டாக்கி காலையிலேர்ந்து ஒரே பேஜாரு. கீழ போனதும் ஆபீசுல ஒரு வார்த்த சொல்லிடுங்க.” நீ தலையாட்டினாய். பேச்சைக் கேட்டு, எந்த ஊர் என்று நான்தான் கேட்டேன். “மாகறல் பக்கம்மா. மேஸ்திரி இவ்ளோ தூரம் இட்டாந்து வுட்டுட்டாரு.” நான் உத்திரமேரூர் என்றதும் எவ்வளவு பெரிதாகச் சிரித்தார்! “நம்மூரு பொண்ணா! அப்ப மறக்காம சொல்லிடுவ.”

பாதை வரைபடத்தில் அளந்து பார்த்தேன். வடக்கு மேட்டுக்கும் அவர் நின்ற இடத்துக்கும் ஆறு கிலோமீட்டர், நடுவில் பள்ளத்தாக்கு. பத்து நிமிடத்தில் யாராலும் வந்திருக்க முடியாது.

நோட்டு பத்திரமாக இருக்கிறது. பெரியம்மாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

மாதவி

*

கோயம்புத்தூர்
3.4.2024

அன்புள்ள மாதவிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு மாத்திரை ஒத்துக்கொண்டது. அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

அப்பு என்று ஊருக்குப் பத்துப் பேர் இருப்பான். அதே ஆளாகவே இருந்தாலும், கோர்ட் எதற்கு இருக்கிறது? சாட்சி இல்லாத கேஸ் தானாக உதிர்ந்துவிடும் என்று மோகன் சொல்கிறான். அவன் வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறவன், தெரியாமல் சொல்ல மாட்டான்.

விதியை நீயும் படித்திருக்கிறாய். பாதையில் ஆபத்து என்று யாராவது தகவல் கொடுத்தால் அடுத்த மேசையில் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் லைசென்ஸ் இரண்டு வருஷம் போகும். எனக்கு முப்பத்திரண்டு வயசு. இரண்டு வருஷம் கழித்து எனக்கு யார் வண்டி தருவார்கள்? கராஜில் ஸ்பானர் பிடிப்பதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

நோட்டு இன்னும் வரவில்லை.

சித்தி சித்தப்பாவுக்கு நமஸ்காரம்.

சூரி

*

உத்திரமேரூர்
4.5.2024

அன்புள்ள சூரி அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வெயில் நூற்றைந்து. ஏரியில் நடுப்பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். உங்கள் எல்லோர் நலமும் அறிய ஆவல்.

பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். போன திங்கட்கிழமை மாகறல் போனேன். ஊரைத் தாண்டி, செய்யாற்றங்கரைப் பக்கம் பதினோரு வீடுகள். அப்பு வீடு எது என்று கேட்டதும் காட்டினார்கள். அவர் மனைவி கங்கம்மாள் வெளியே விறகு உடைத்துக்கொண்டிருந்தாள்.

“யாரு வோணும்?”

“ஸ்கூல்லேர்ந்து வரேன். கணக்கெடுப்பு.”

“இன்னா கணக்கு? எங்கள எண்ணிக்கினே கீறீங்க. வூடு மட்டும் ஒருத்தனும் தர்ல.”

அவர் இல்லையா என்று கேட்டேன். ஜாமீனில் விட்டிருக்கிறார்கள், நாற்பது நாள் உள்ளே இருந்த பிறகு. வாராவாரம் திங்கட்கிழமை அந்த மலையடிவார ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிறு சாயங்காலம் கிளம்பினால் திங்கள் ராத்திரிதான் திரும்பலாம்.

“கையெழுத்தா? அந்தக் கையில பேனா எங்க நிக்கிது. பெருவெரல உருட்டி உட்றாங்களாம். தழையால நெருப்ப அடிச்சி அடிச்சி வெந்த கைம்மா அது. வெச்சவன் நின்னு அடிப்பானா? நீயே சொல்லு.”

நான் கையிலிருந்த தாளில் எதையோ குறித்தேன்.

“இதுல ஒரு கூத்து கேளு. கார்ல போன பொண்ணு ஒண்ணு உத்திரமேரூராம். அது கண்டிப்பா சொல்லியிருக்கும், ஆபீசுலதான் மறைக்கிறாங்கன்னு இந்த ஆளு இன்னும் சொல்லிக்கினு கீது. போலீசு சிரிக்கிறான், வக்கீலு சிரிக்கிறாரு. எனக்கே சிரிப்பா வருது. இதுக்கு மட்டும் புத்தி வர்ல.”

எனக்கு டீ கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

வக்கீல் பெயர் வெங்கடேசன். அரசு இலவசமாக அமர்த்திக் கொடுத்தவர். முகவரியைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். கணக்கெடுப்புக்கு அது எதற்கு என்று கங்கம்மாள் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாதவி

*

கோயம்புத்தூர்
13.5.2024

மாதவிக்கு,

எல்லோரும் நலம்தான்.

உன்னை யார் அங்கே போகச் சொன்னது? போனதும் போனாய், வக்கீல் முகவரி எதற்கு? அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தால் அவள் தாங்குவாளா என்று யோசித்தாயா? புத்தகமாகப் படித்துப் படித்து உனக்கு எல்லாமே கதையாகத் தெரிகிறது. இது கதையில்லை, என் பிழைப்பு.

சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல்லு.

சூரி

*

கோயம்புத்தூர்
30.6.2024

அன்புள்ள மாதவிக்கு,

ஏழெட்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறீர்கள் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். அம்மா உனக்கு நெல்லிக்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள்.

அன்றைக்குக் கோபத்தில் எழுதிவிட்டேன். ஒரு நல்ல சமாசாரம் சொல்லத்தான் இந்தக் கடிதம். ராலிக்குப் புதுத் தேதி வந்தாச்சு. டிசம்பர் ஏழு, எட்டு. அதே மலை, அதே பாதை. எனக்கு நீ வேண்டும். ஜெகன் என்று ஒரு பையனை உட்கார வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் படிக்கிறான். ஆனால் அவன் ‘நேர்’ என்று சொன்னாலும் என் கால் பிரேக்குக்குப் போகிறது. நீ சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவேன். ஏரிக்கரையில் உனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து யார் பேச்சை இப்படிக் கேட்டிருக்கிறேன்?

மழை விழட்டும். காடு தழைத்துவிடும், ஜனங்கள் மறந்துவிடுவார்கள். அந்த ஆளையும் விட்டுவிடுவார்கள். வருகிறேன் என்று மட்டும் எழுது.

சித்தி சித்தப்பாவுக்கு நமஸ்காரம். உனக்கு என் ஆசீர்வாதம்.

சூரி

*

உத்திரமேரூர்
17.8.2024

அன்புள்ள சூரி அண்ணாவுக்கு,

நமஸ்காரம். ஊறுகாய் வந்தது. பெரியம்மாவிடம் உப்பு சரியாக இருந்தது என்று சொல். அப்பாவுக்கு வலி குறையவில்லை, செங்கல்பட்டில் எக்ஸ்ரே எடுத்தோம். அம்மா நலம்.

இத்தனை நாள் எழுதாததற்கு வேலை காரணமில்லை. எழுத உட்கார்ந்தால், நீ எழுதியதில் எதை நான் நம்ப விரும்புகிறேன் என்று எனக்கே தெரிந்துவிடுகிறது. தானாக உதிர்ந்துவிடும் என்பதை நம்ப விரும்புகிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து வருவதைப் படிக்க விரும்புகிறேன். அந்தச் சத்தத்துக்குள் இருப்பது போல நான் வேறெங்கும் இருந்ததில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனாலும் அந்த நோட்டை வக்கீலிடம் கொடுக்கத்தான் வேண்டும். நான் கொடுப்பதைவிட நீயே போய்ச் சொன்னால் நல்லது. தானாக முன்வந்தவனுக்குத் தண்டனை குறையலாம். உனக்கு யோசிக்க நேரம் வேண்டும் என்று தெரிகிறது. தீபாவளி வரை காத்திருக்கிறேன். அதற்குமேல் முடியாது.

உன்னையும் பெரியம்மாவையும் பெருமாள் காப்பாற்றட்டும்.

மாதவி

*

கோயம்புத்தூர்
5.9.2024

அன்புள்ள மாதவிக்கு,

இங்கே நலம். எக்ஸ்ரேவில் என்ன சொன்னார்கள் என்று நீ எழுதவில்லை.

தீபாவளிக்கு நானே உத்திரமேரூர் வரேன். நேரில் பேசலாம். அதுவரை எதுவும் செய்யாதே. என்மேல் சத்தியம்.

சூரி

*

உத்திரமேரூர்
3.11.2024

அன்புள்ள சூரி அண்ணாவுக்கு,

நமஸ்காரம். நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். அப்பாவுக்கு நீ வாங்கி வந்த முழங்கால் பட்டை சரியாகப் பொருந்துகிறது.

நீ இரண்டு நாள் இருந்தாய். அப்பாவோடு உட்கார்ந்து கோயில் கதையெல்லாம் கேட்டாய். அம்மா கையால் மூன்று தடவை சாம்பார் விட்டுக்கொண்டாய். என் ஸ்கூட்டியின் பிரேக்கைக் கழற்றிச் சரி செய்தாய். நான் கூடத்துக்கு வந்தபோதெல்லாம் எழுந்து கொல்லைப்பக்கம் போனாய். வெள்ளிக்கிழமை கிளம்பும்போது, வாசலில் ஷூவைக் கட்டிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல், “நோட்டைக் குடேன்” என்றாய். நான் கொடுக்கவில்லை. “சரி வரேன் சித்தி” என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

நாளை திங்கட்கிழமை. பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வக்கீல் வெங்கடேசனைப் பார்க்கப் போகிறேன். உனக்குத் தெரியாமல் போகக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

பெரியம்மாவை நான் கேட்டதாகச் சொல்.

மாதவி

*

உத்திரமேரூர்
9.11.2024

அன்புள்ள சூரி அண்ணாவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

வக்கீல் நல்ல மனிதர். மாடியில் சின்ன அறை. நோட்டை வாங்கி, எட்டாவது கிலோமீட்டர் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு மூடி என் பக்கம் தள்ளினார்.

“எப்பம்மா எழுதினது இது?”

“அன்னிக்கே. வண்டி நின்ன அந்த நிமிஷமே.”

“அப்படி ஒரு பொண்ணு உண்மையிலேயே இருக்கா!” என்றார். அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துத் திறந்தார். “கேஸ் முடிஞ்சு போச்சும்மா. செப்டம்பர் இருபத்து நாலாம் தேதி அப்புவே குற்றத்தை ஒத்துக்கிட்டார்.”

ஏன் என்று கேட்டேன். வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸிலேயே போகிறவரை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லையாம். வாய்தா மேல் வாய்தா. அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்று கோர்ட் வாசலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். “நான் வேணாம்னேன். ‘அந்தப் பொண்ணு வர்ல சார், வரவும் வராது, முடிச்சி வுட்ருங்க’ன்னார்.” ஆறு மாதம் போட்டார்கள். முன்பே உள்ளே இருந்த நாட்கள் கழியும்.

அப்பீல் செய்யலாமா என்று கேட்டேன். தானே ஒப்புக்கொண்டவருக்கு, தண்டனையைக் குறைக்கச் சொல்லித்தான் கேட்க முடியுமாம். செய்யவில்லை என்று இனிமேல் சொல்ல முடியாதாம். “ஆறு வாரம் முன்னாடி வந்திருந்தா இந்த ஒரு பக்கம் போதும்மா” என்றார்.

உன்னால்தான் தாமதம் ஆனது என்று போகும்போது பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போனேன். வரும்போது அப்படி நினைக்க முடியவில்லை. தீபாவளி வரை என்று தேதி வைத்தது நீ இல்லை. நான். மாகறல் இங்கிருந்து அரை மணி நேரம். மே மாதத்துக்குப் பிறகு ஒரு தடவைகூடப் போய் விசாரிக்கவில்லை.

அந்தப் பக்கத்தை நகலெடுத்து, நடந்ததை எழுதி, ராலி அமைப்பாளர்களுக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அப்புவுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரியும். உனக்குக் கெடுதல் என்றும் தெரியும்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. பெரியம்மாவை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்.

மாதவி

*

இந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

சூரியின் லைசென்ஸ் போகவில்லை. இனி இப்படி நடக்கக் கூடாது என்று ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்ததாகப் பெரியம்மா அப்பாவிடம் போனில் சொன்னாள். டிசம்பரில் ராலி நடந்தது. ஜெகன் படிக்க, சூரி ஓட்டி மூன்றாவதாக வந்தான்.

அப்பு 2025 பிப்ரவரி நடுவில் வெளியே வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மாகறல் போனேன். என்னைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், மேசையில் கையெழுத்துப் போட்டது வரை. கங்கம்மாள் பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்பு, சுருங்கி வெளுத்திருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அந்த கார் ரேஸு நடந்துச்சா?” என்று கேட்டார்.

“டிசம்பர்ல நடந்துது.”

“நீ போனியாம்மா?”

“இல்ல.”

“சரி” என்றார்.

மார்ச் முதல் வாரத்தில் மேஸ்திரி வேன் கொண்டுவந்து, மலையில் தீத்தடுப்புக் கோடு வெட்ட மாகறலிலிருந்து ஒன்பது பேரை ஏற்றிப் போனார். அப்புவைக் கூப்பிடவில்லை.